அடைத்து வளர்க்கும் நாட்டுக்கோழிகளுக்கு மேய்ச்சல் சுகத்தை எப்படித் தருவது?

கேள்வி: லால்குடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமியார் காலத்திலிருந்தே சிறுவிடைக் கோழிகள் வளர்ந்து வருகின்றன. பின்புற வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் வரப்போரத்துப் பூச்சிகளையும் பொறுக்கித் தின்றுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தாமாகவே வந்து அடைவதுதான் அவற்றின் வழக்கம். இப்போது அந்த வயல் வீட்டு மனைகளாகிவிட்டது, தெருநாய்களும் பெருகிவிட்டன. வேறு வழியில்லாமல், 20 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள இடத்தைக் கம்பிவலையால் அடைத்து, ஒரு சேவலையும் ஏழு பெட்டைகளையும் அதற்குள் விட்டிருக்கிறோம்.

தீனிக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. காலையும் மாலையும் அரிசிக் குருணை வைக்கிறோம். இருந்தும் மதியத்துக்கு மேல் அவை வலையோரமாகவே மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் இளையதான ஒரு விடைக்கோழியின் வால் இறகுகளை மற்றவை கொத்திப் பிடுங்குகின்றன. முன்பெல்லாம் ஒரு சிவப்புப் பெட்டை, கொடியிலிருந்து எடுத்து வைத்த துணிக்கூடையில்தான் முட்டையிடுவேன் என்று அடம்பிடித்து, யாராவது கூடையை நகர்த்தினால் கேறிக்கொண்டே பின்னால் நடந்து வரும். கருத்த பெட்டை ஒன்று ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு, கீழே வரும் பூனையை விரட்டும். அந்தக் கலகலப்பு இப்போது இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தமாக இருக்கிறது. வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இவற்றின் பகல்பொழுதை நிறைக்க என்ன செய்யலாம்? உங்கள் கோழிகள் எதை விரும்புகின்றன என்பதையும் எழுதினால் மகிழ்வேன்.

மறுமொழி 1: பொள்ளாச்சியிலிருந்து

வணக்கம் சகோதரி. கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி பகலின் பெரும்பகுதியைத் தரையைக் கிளறுவதிலும் கொத்துவதிலுமே கழிக்கிறது. நம் வீட்டுக் கோழிக்கும் அந்தக் குணம் சிறிதும் குறையவில்லை. வயிறு நிறைய நாம் தீனி போட்டாலும் கிளற வேண்டும் என்ற உந்துதல் அடங்குவதில்லை. கிளறத் தரையில் ஒன்றும் இல்லாதபோது, எதிரே நிற்கும் கோழியின் இறகு அந்த அலகுக்கு வேலையாகிவிடுகிறது. ஆகவே விளையாட்டுப் பொருள்களைத் தேடுவதற்கு முன், தீனியை அவை உழைத்துத் தேடி எடுக்கும்படி மாற்றுவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

அதற்குச் செலவே இல்லாத வழி சருகுக் குவியல். தோப்பில் பெருக்கிய காய்ந்த இலைகளையும் கொஞ்சம் வைக்கோலையும் அடைப்பின் நடுவே முழங்கால் உயரத்துக்குக் குவித்து, தட்டில் வைக்கும் கம்பையும் உடைத்த சோளத்தையும் அந்தக் குவியலுக்குள் தூவி விடுங்கள். எங்கள் கோழிகள் காலையில் தொடங்கி மாலைக்குள் அந்தக் குவியலைத் தரைமட்டமாக்கிவிடும். மறுநாள் மண்வாரியால் இழுத்து மீண்டும் குவித்து விடுவோம். சில வாரங்களில் அடியில் ஈரம் தங்கி மண்புழுவும் பூச்சியும் சேர்ந்துவிடும் என்பதால், அவற்றின் ஆர்வம் நாளாக ஆகக் கூடுமே தவிரக் குறையாது. எங்களிடம் உள்ள ஒரு சாம்பல்நிறப் பெட்டை தானாகக் கிளறுவதே இல்லை. வலுவாகக் கிளறும் மூத்த பெட்டையின் பின்னால் சரியாக ஓர் அடி தள்ளி நின்றுகொண்டு, அது வாரி எறிவதை எல்லாம் எடுத்துக்கொள்ளும். மூத்தது திரும்பிப் பார்த்தால், உடனே வேறு பக்கம் பார்த்து நிற்கும்.

அடுத்தது கரையான் பானை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்கிய கட்டைத் துண்டு, தென்னை நார் ஆகியவற்றை அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் தரையில் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்குள் எடுத்துப் பார்த்தால் பானைக்குள் கரையான் திரண்டிருக்கும். அதை அப்படியே அடைப்புக்குள் கொட்டினால் கோழிகள் பறந்து வந்து மொய்ப்பதைக் காணலாம். குஞ்சுகளுக்கு இதைவிடச் சிறந்த தீனி எனக்குத் தெரிந்து இல்லை. மரத்தூண், நிலைக்கதவு இவற்றுக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள்.

இறகு பிடுங்குவதற்குத் தீனியும் காரணமாக இருக்கலாம். அரிசிக் குருணையில் புரதம் ஏறத்தாழ 8 விழுக்காடுதான். முட்டையிடும் கோழிக்கு அதைப்போல் இரு மடங்கு தேவை. இறகின் பெரும்பகுதி புரதமே ஆகையால், புரதக் குறையுள்ள கோழி பிற கோழியின் இறகைத் தின்னத் தொடங்கும். குருணையோடு கடலைப் பிண்ணாக்கையும் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பூஞ்சை படிந்த பிண்ணாக்கைக் கண்ணால் கண்டாலே ஒதுக்கிவிடுங்கள், அதில் உண்டாகும் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும்.

மறுமொழி 2: அம்பத்தூரிலிருந்து

பொள்ளாச்சி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நாங்கள் மாடியில் வளர்ப்பதால் எங்களுக்கு மண் தரையே கிடையாது, ஒவ்வொன்றையும் நாமே ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கொடுத்தவற்றில் கோழிகள் மிக அதிகமாகக் கொண்டாடியது மண்குளியல் தொட்டியைத்தான். பழைய லாரி டயரைப் படுக்க வைத்து, உலர்ந்த மணல், செம்மண், ஆறிய விறகுச் சாம்பல், நிழலில் காய்ந்த வேப்பிலைப் பொடி ஆகியவற்றைக் கலந்து நிரப்பியிருக்கிறோம். கோழி அதில் படுத்துப் புரண்டு, இறகின் அடிவரை மண்ணை ஏற்றிக்கொண்டு, பிறகு எழுந்து உதறும்போது செள்ளும் பேனும் பழைய எண்ணெய்ப் பசையும் உதிர்ந்துவிடுகின்றன. சாம்பல் நனைந்தால் தோலை அரிக்கும் என்பதால் மேலே ஒரு தகரக் கூரை அவசியம். இரண்டு கோழிகள் மட்டுமே கொள்ளும் அந்த டயருக்குள் நான்கு கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு, ஒன்றின் முகத்தில் மற்றொன்று மண்ணை வாரி இறைத்தபடி கண்மூடிக் கிடப்பதை மாலைதோறும் பார்க்கிறோம்.

கீரைக் கட்டைத் தொங்கவிடுவதும் நல்ல பலன் தருகிறது. அகத்தி, முருங்கை, முட்டைக்கோஸின் வெளி இலைகள், முள்ளங்கித் தழை என எது கிடைத்தாலும் சணல் கயிற்றில் கட்டி, கோழியின் தலைக்குச் சற்று மேலே தொங்குமாறு விடுங்கள். கழுத்தை நீட்டினால் எட்ட வேண்டும், நின்ற இடத்திலிருந்து சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், அதன் இழையை விழுங்கினால் இரைப்பையில் சிக்கிக்கொள்ளும். தெர்மோகோலையும் கண்ணில் படாமல் வையுங்கள், கோழிகள் அதை விரும்பித் தின்னும். வலையில் ஒரு சிறு கண்ணாடியைக் கட்டித் தொங்கவிட்டால் பெட்டைகள் அதன் முன் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதும் எங்கள் அனுபவம்.

சேவலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தார் அது விடியும் முன்பே கூவுவதைக் கெட்ட பழக்கமாகக் கருதுகிறார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மங்கலான ஒளி மாறாமல் இருக்கும் அறையில் சேவல்களை வைத்துப் பார்த்தபோதும் அவை விடியலை ஒட்டியே கூவின என்றும், அதற்குக் காரணம் உடலுக்குள் இயங்கும் கடிகாரமே என்றும் 2013இல் வெளியிட்டார்கள். பல சேவல்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் தலைமைச் சேவலே முதலில் கூவும், மற்றவை தத்தம் வரிசைப்படி பின்தொடரும் என்பதை அவர்களே 2015இல் காட்டினார்கள். ஆகவே சேவலைத் திட்டிப் பயனில்லை. இரவில் அடையும் கூட்டை அண்டை வீட்டுச் சன்னலுக்கு எதிர்ப்புறமாக வைப்பதுதான் நாம் செய்யக்கூடியது.

மறுமொழி 3: அருப்புக்கோட்டையிலிருந்து

கண்ணாடியைப் பற்றி அம்பத்தூர் நண்பர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெட்டைகள் மட்டும் இருக்கும் இடத்தில் அது தீங்கில்லாததாக இருக்கலாம். லால்குடி அம்மாவிடம் சேவல் இருக்கிறது. சேவல் தன் நிழலைப் போட்டிச் சேவலாக எண்ணி, அலகும் காலும் புண்ணாகும்வரை மோதும். நாள் முழுவதும் வெல்ல முடியாத எதிரியோடு அதைப் போரிட வைப்பது இரக்கமான செயல் அல்ல.

அந்த விடைக்கோழிக்கு உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாலடியில் இரத்தம் கசிந்திருந்தால் அன்றைக்கே பஞ்சாரத்தில் (கோழியை மூடி வைக்கும் மூங்கில் கூடை) தனியாகக் கவிழ்த்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும். மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினால் சிவப்பும் மறையும், ஈயும் அண்டாது. பஞ்சாரத்தை அடைப்புக்குள்ளேயே வைப்பது முக்கியம். கூட்டத்தின் கண்ணில் படாமல் நீண்ட நாள் பிரித்து வைத்தால், திரும்பி வரும்போது புதுக்கோழியாகவே நடத்தப்படும். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டென்பதை நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் கடைசியில் இருக்கும் கோழிக்கு ஒதுங்கிக்கொள்ள இடம் வேண்டும். ஒரு கட்டு வைக்கோல், சாய்த்து வைத்த தென்னை ஓலைத் தட்டி, கவிழ்த்த மரப்பெட்டி என்று பார்வையை மறைக்கும் பொருள்களை அங்கங்கே வைத்தாலே சண்டையில் பாதி குறைந்துவிடும். தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். ஒரே தட்டாக இருந்தால் மூத்த பெட்டை அதன் காவலுக்கு நின்றுவிடும்.

உட்காரும் கழியும் வேண்டும். ஆட்டுக்கல்லின் மேல் ஏறிய கருத்த பெட்டை உயரத்தைத்தான் தேடியிருக்கிறது. கோழி ஒன்றுக்கு முக்கால் அடி இடம் கிடைக்கும் அளவுக்கு, பருமனான மூங்கில் அல்லது வேப்பங்கழிகளை வெவ்வேறு உயரத்தில் கட்டுங்கள். கழியின் வெடிப்புகளை மாதம் ஒருமுறை விளக்கொளியில் இரவில் பாருங்கள், செள் அங்கேதான் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும்.

எங்கள் சேவலின் நற்குணம் ஒன்றையும் எழுத வேண்டும். கரையானோ வெட்டுக்கிளியோ கிடைத்தால் அது தின்பதில்லை. அலகால் எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, தனிக்குரலில் கொக்கரித்துப் பெட்டைகளை அழைக்கும். பருந்து வட்டமிட்டால் ஒரு குரல், கீரி தென்பட்டால் வேறு குரல். பெட்டைகள் முதல் குரலுக்கு வேலியடியில் பதுங்கும், இரண்டாவதற்குக் கழுத்தை நிமிர்த்தித் தரையைத் தேடும். அடைப்புக்குள் வளரும் கோழிகளுக்கும் வானம் தெரியும்படி ஒரு பகுதியைத் திறந்த வலையாக விடுங்கள், அவை பார்த்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒன்று.

லால்குடியிலிருந்து

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. விடைக்கோழிக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிப் பஞ்சாரத்தில் விட்டிருக்கிறேன். சருகுக் குவியலை நேற்றே அமைத்தோம். எல்லாப் பெட்டைகளும் முதலில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து சந்தேகத்தோடு பார்த்தன. சேவல் ஏறி ஒரு கம்பு மணியை எடுத்துப் போட்டுக் கூப்பிட்ட பிறகே மற்றவை உள்ளே இறங்கின. வலையோரம் நடப்பது இன்று மதியம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும் உள்ளது. சிவப்புப் பெட்டை இப்போது அடைக்கு உட்கார்ந்துவிட்டது. குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இப்போதைக்கு எங்களுக்கு இல்லை. அடை தெளிய மூக்கில் இறகைச் செருகச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 4: அருப்புக்கோட்டையிலிருந்து

செருகாதீர்கள் அம்மா. அது கோழிக்கு வலியையும் திகைப்பையும் மட்டுமே தரும். அடைக்கோழியின் வயிற்றடியில் காற்றுப் படும்படி செய்தால் அடை தானாகத் தெளியும். அடியிலும் கம்பி வலை உள்ள கூண்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், வெளிச்சமும் காற்றும் உள்ள நிழலில் வைத்து, அதற்குள் வைக்கோலோ சாக்கோ போடாமல் தீனியும் தண்ணீரும் மட்டும் வைத்து விடுங்கள். மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்தபின் வெளியே விட்டதும் நேராகப் பழைய இடத்துக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் கூண்டில் இருக்கட்டும். முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள். அது முட்டையிட விரும்பும் துணிக்கூடையைப் போன்ற ஒரு பழைய கூடையை அடைப்புக்குள் நிழலான மூலையில் வைத்தால், மீண்டும் முட்டைக்கு வரும்போது அங்கேயே இடும்.