புதுப்பிப்பு: ஜன்னலுக்குக் கடைசியில் சாம்பல் பச்சை

வெளிர்மஞ்சள் சுவருள்ள எங்கள் பழைய மதுரை வீட்டின் மரஜன்னல்களுக்குக் கருப்பா, வெள்ளையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் கருப்பு என்றீர்கள். படத்தில் அழகுதான். ஆனால் எங்களுக்கு மேற்கு வெயில் நேராக அடிக்கும். அடர்நிறம் சூட்டை அதிகம் இழுக்கும், மரம் விரிந்து சுருங்கி பெயிண்ட் சீக்கிரம் வெடிக்கும். வெள்ளையில் தெருப்புழுதி அப்பட்டமாகத் தெரியும்.

சரி, நடுவில் ஒன்று என்று சாம்பல் கலந்த பச்சை. நிற அட்டையை நம்பாமல், ஒரு பலகையில் அடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். காலையில் சாம்பல், சாயங்காலம் பச்சை! அம்மாவுக்கு அதுவே பிடித்துப்போனது.

வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஜன்னலில் இருந்த பழைய பெயிண்ட் அதற்கும் வெகுகாலம் முந்தையது; ஈயம் இருந்தால் அந்தத் தூசி உடம்புக்குக் கெடுதல். அதனால் தூசி பறக்காமல் பெயிண்டர்கள் தண்ணீர் தொட்டுத்தான் தேய்த்தார்கள். காய்ந்தபின் அடிப்பூச்சாக மரத்துக்கு வுட் பிரைமர், கம்பிக்குத் துருப்பிடிக்காமல் ரெட் ஆக்சைடு, அப்புறம் இரண்டு கோட் சாட்டின் எனாமல். பளபளப்பு குறைவு என்பதால் பழைய மரத்தின் மேடுபள்ளம் கண்ணில் படவில்லை.

யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டவருக்கு: அதில் சாதாரண எனாமல் சரியாகப் பிடிக்காது, வாங்கும்போதே நிறத்தை முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்து முன்கதவு. அதற்கு வார்னிஷ் மட்டும்தான்; தேக்கின் மேல் பெயிண்ட் அடிக்க அப்பா விடமாட்டார்.