பாஸைத் தடுக்கப் போய் ரன்னில் மாட்டிக்கொண்டோம். டைம் டிஃபன்ஸை எப்படிச் சரிசெய்வது?

ஓரக்கோட்டு அப்பா:

நம்ம ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால் சந்தேகம். டெக்சாஸில் இருக்கிறோம். மகன் ஆடும் 13 வயதுப் பையன்கள் அணிக்கு நான் தன்னார்வத் துணைப் பயிற்சியாளர். டிஃபன்ஸ் என் தலையில் விழுந்தது, வேறு யாரும் கை தூக்காததால்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் எதிரணிகள் பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் நாலு பேரைப் பரப்பி நிறுத்தி, பாஸிலேயே எங்களைக் கிழித்துவிட்டார்கள். சரி என்று டைமுக்கு மாறினேன். லைனில் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர் ஒரே ஒருவன், பாஸைத் தடுக்கப் பின்வரிசையில் ஆறு பேர். பின்வரிசையின் கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளும் 12 யார்டு ஆழத்தில் நிற்பார்கள், ஆழத்தில் ஆளுக்குப் பாதிக் களம், அதுதான் கவர் 2. மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி எறிந்த பந்தை நாங்களே பிடிக்கும் இன்டர்செப்ஷன் இரண்டு கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன சனிக்கிழமை வந்த அணி மொத்தமே மூன்று தடவைதான் பந்தை எறிந்தது. மீதி எல்லாம் ரன், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டம். நாலு யார்டு, ஆறு யார்டு, ஐந்து யார்டு. இரண்டாம் பாதியில் எங்கள் ஆஃபன்ஸ் களம் இறங்கியதே இரண்டு முறை. 28-6 என்று தோற்றோம்.

லைனின் இரண்டு ஓரத்திலும் நிற்கும் எங்கள் டிஃபன்ஸிவ் எண்டுகள், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்கிறார்கள், பந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் போகிறது. லைன்பேக்கர் பையன் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரிடம் சிக்கிக்கொள்கிறான். கடைசியில் ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவது சேஃப்டி, அதுவும் 8 யார்டு போன பிறகு. பாஸ் தடுப்பைக் கைவிடாமல் இந்த ஓட்டையை அடைக்க முடியுமா?

நாலாவது டவுன்:

இரண்டு கேள்வி. அவர்கள் எத்தனை டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று பிளாக் செய்பவன், பாஸும் பிடிப்பான்) வைத்து ஆடினார்கள்? அதைப் பார்த்து நீங்கள் ஆட்களை மாற்றினீர்களா?

ஓரக்கோட்டு அப்பா:

பாதிக்கு மேல் இரண்டு டைட் எண்ட், முன்னால் போய் வழி திறக்க ஒரு ஃபுல்பேக், பந்தோடு ஓட ஒரு ரன்னிங் பேக். நான் மாற்றவில்லை. மாற்றினால் பையன்கள் குழம்புவார்கள் என்று பயம்.

நாலாவது டவுன்:

அப்போ வெளியே நின்ற ரிசீவர் ஒரே ஒருவன். அவனுக்காக நீங்கள் களத்தில் வைத்திருந்தது ஆறு டிஃபன்ஸிவ் பேக், அதாவது பின்வரிசை ஆட்கள். சொல்லும்போதே தெரிகிறது இல்லையா?

பழைய லைன்பேக்கர்:

கேப் கணக்கு, அதாவது லைன் ஆட்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் ஓடக் கிடைக்கும் இடைவெளிக் கணக்கு போட்டுப் பாருங்கள். சென்டர், இரண்டு கார்ட், இரண்டு டேக்கிள்: ஐந்து பேருக்கு ஆறு கேப். டைட் எண்ட் ஒவ்வொருவனும் ஒரு கேப் கூட்டுவான், எட்டு ஆகிவிட்டது. ஃபுல்பேக் எங்கே நுழைகிறானோ அங்கே ஒன்பதாவது முளைக்கும். உங்கள் பாக்ஸில், அதாவது லைனை ஒட்டிய பகுதியில், நின்றது ஐந்து பேர். நாலு கேப் காலி. அந்தப் பையன் இரண்டு பேரிடம் சிக்குவது அவன் தப்பே இல்லை, அவனைத் திட்டியிருந்தால் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

அடுத்து எண்டுகள். பாஸ் தடுப்பு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த எண்ட், ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைக் கொடுத்து ஆட்டம் தொடங்கியதும், மூன்று யார்டு உள்ளே பாய்வான். எதிரணி டேக்கிள் அவனை நிறுத்தவே தேவையில்லை, போகிற வழியிலேயே ஒரு தள்ளு தள்ளி அனுப்பிவிடலாம். அவன் விட்டுப்போன இடம்தான் வாசல். பாஸ் போலக் காட்டிவிட்டு ஓடும் டிரா (draw), உள்ளே பாய்பவனைப் பக்கவாட்டில் அடிக்கும் ட்ராப் (trap) எல்லாம் அந்த வாசலுக்காகவே செய்த ஆட்டங்கள். 10 யார்டு போக நாலு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல், இரண்டாம் டவுனில் எண்ட் ஒரு யார்டு மட்டும் ஏறி, தோளைத் திருப்பாமல் நிற்கட்டும். மூன்றாம் டவுனில் 8 யார்டு வேண்டும் என்றால் அப்போது பாயட்டும்.

சேஃப்டிகளுக்கு என் யோசனை: கவர் 2 விட்டு கவர் 4க்குப் போங்கள், அதாவது ஆழத்தை நாலு பேர் பங்கிட்டுக் காக்கும் குவார்ட்டர்ஸ். பெயரைப் பார்த்தால் இன்னும் அதிக பாஸ் தடுப்பு மாதிரி இருக்கும், ஆனால் ரன்னுக்கு இதுதான் நல்லது. சேஃப்டி 12 இல்லை, 8 யார்டில் நிற்பான். தன் பக்க டைட் எண்டைப் பார்ப்பான். அவன் பிளாக் செய்தால் இறங்கி வந்து கேப்பை அடைப்பான், பாஸுக்கு ஓடினால் கூடவே போவான். இரண்டு டைட் எண்ட் வந்ததும் கூடுதல் பேக் இரண்டு பேரை வெளியே எடுத்து லைன்பேக்கர்களை இறக்குங்கள். லைன் நாலு, லைன்பேக்கர் மூன்று, சேஃப்டி இரண்டு. ஒன்பது கேப்புக்கு ஒன்பது பேர்.

மிச்சிகன் ஸ்டேட் கல்லூரி அணி, பயிற்சியாளர் பாட் நார்டூசியின் டிஃபன்ஸில் ஆடியது இதைத்தான். 2014 ஜனவரி 1, ரோஸ் பவுல், எதிரே முரட்டு ரன் ஆடும் ஸ்டான்ஃபோர்ட். கடைசி நிமிடங்களில் நாலாவது டவுன், ஒரு யார்டு வேண்டும். ஃபுல்பேக்கிடம் பந்து. லைன்பேக்கர் கைலர் எல்ஸ்வொர்த் குவியலுக்கு மேலே எகிறிக் குதித்து நிறுத்தினார். 24-20 என்று மிச்சிகன் ஸ்டேட் ஜெயித்தது. தேடிப் பாருங்கள், பையன்களுக்கும் காட்டுங்கள்.

கேன்டன் யாத்திரிகன்:

கொஞ்சம் மாற்றுக் கருத்து. ரன்னைக் கண்டு இவ்வளவு பதறத் தேவையில்லை. 1991 ஜனவரியில் நடந்த 25வது சூப்பர் பவுலில், அதாவது என்எஃப்எல் தொழில்முறை லீகின் இறுதி ஆட்டத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸ் டிஃபன்ஸைப் பார்த்துக்கொண்டவர் பில் பெலிசிக். எதிரே வேகமாக பாஸ் எறியும் பஃபலோ பில்ஸ். லைனில் ஆளைக் குறைத்துப் பின்வரிசையில் நிரப்பினார். பில்ஸின் ரன்னிங் பேக் தர்மன் தாமஸ் 100 யார்டு ஓடினால் ஓடட்டும், நாம் ஜெயிப்போம் என்று வீரர்களிடமே சொன்னார். தாமஸ் 15 ஓட்டத்தில் 135 யார்டு எடுத்தார். ஜயன்ட்ஸ் 20-19 ஜெயித்தது. அந்தத் திட்டம் கேன்டன் நகரின் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது.

பழைய லைன்பேக்கர்:

அந்த ஆட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள் சார். ஜயன்ட்ஸ் ஆஃபன்ஸ் 40 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது, அதனால் டிஃபன்ஸ் களைக்கவில்லை. அப்படியும் கடைசியில் ஸ்காட் நார்வுட் அடித்த 47 யார்டு ஃபீல்ட் கோல் வலப்பக்கம் விலகியதால்தான் தப்பித்தார்கள். பெலிசிக்கிடம் லாரன்ஸ் டெய்லர் போன்ற மாபெரும் லைன்பேக்கர் இருந்தார். இவரிடம் 45 கிலோ பையன்கள் இருக்கிறார்கள்.

ரன்னை விட்டுக்கொடுத்தால் விலை என்ன என்று பார்க்க 2006 இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி போதும். பயிற்சியாளர் டோனி டங்கியின் டிஃபன்ஸ், இரண்டு சேஃப்டி ஆழத்தில். ரன் தடுப்பில் லீகிலேயே கடைசி. ஜாக்சன்வில் ஒரே ஆட்டத்தில் 375 யார்டு ஓடியது. பிளேஆஃபுக்கு சேஃப்டி பாப் சாண்டர்ஸ் காயம் ஆறித் திரும்பினார். முதல் ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டி ஓடியது மொத்தம் 44 யார்டு. அந்த வருடக் கோப்பையும் கோல்ட்ஸுக்குத்தான். மேலே வந்து அடிக்கிற ஒரு சேஃப்டி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன்.

புதுசா வந்தவள்:

டைம் என்றால் நேரமா? இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும்.

நாலாவது டவுன்:

காசு. நிக்கல் என்பது ஐந்து சென்ட், பின்வரிசையில் ஐந்து பேர். ஆறாவது ஆளும் வந்தால் இரண்டு நிக்கல் சேர்ந்த பத்து சென்ட், அதுதான் டைம்.

அப்பாவுக்கு ஒரு சேர்க்கை: என்எஃப்எல் அணிகள் ரன்னை விட்டுக்கொடுப்பது அங்கே ஒரு பாஸ் அதைவிட அதிக யார்டு தருவதால். 13 வயதுக் குவார்ட்டர்பேக்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. டிவியில் பார்த்த திட்டத்தை அப்படியே எடுத்ததுதான் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன். நாலு ரிசீவர் வரும்போது மட்டும் டைம் ஆடுங்கள்.

ஓரக்கோட்டு அப்பா:

எல்லோருக்கும் நன்றி. அந்த லைன்பேக்கர் பையனிடம் உண்மையாகவே மன்னிப்புக் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

இந்த வார நிலவரம். இரண்டாவது டைட் எண்ட் களத்துக்குள் வந்தால் நான் "ட்ரக்" என்று கத்துவேன், இரண்டு பேர் வெளியே, இரண்டு பேர் உள்ளே. இவ்வளவுதான் ஏற்பாடு. முதல் தடவை மூன்று பேர் உள்ளே ஓடி, 12 பேர் நின்று ஐந்து யார்டு பெனால்டி. அப்புறம் பழகிவிட்டார்கள். எண்டுகளை ஒரு யார்டில் நிறுத்தியது உடனே பலன் தந்தது, நடுவில் ஓடியவர்களுக்கு இரண்டு யார்டுக்கு மேல் கிடைக்கவில்லை. 14-12 ஜெயித்தோம்.

ஆனால் அந்த 12இல் ஆறு புள்ளி புது ஓட்டையில் போனது. டைட் எண்ட் பிளாக் செய்வது போல் தோளை வைத்தான், எங்கள் சேஃப்டி இறங்கினான், அவன் நழுவி நேரே மேலே ஓடிவிட்டான். 40 யார்டு, பக்கத்தில் ஈ காக்கை இல்லை. சேஃப்டி என் மகன்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சே இல்லை.

பழைய லைன்பேக்கர்:

ஒழுங்காக இறங்கி வருகிற சேஃப்டிக்குத்தான் அந்த பிளே ஆக்‌ஷனை (ரன் போலக் காட்டி பாஸ் எறிவது) போடுவார்கள் என்று மகனிடம் சொல்லுங்கள்.

டைட் எண்ட் பொய் சொல்லுவான், கார்ட் அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டான். டைட் எண்டைப் பார்க்கும்போதே கார்டின் தலையையும் ஓரக்கண்ணில் வைத்துக்கொள்ளட்டும். தலை தாழ்ந்து முன்னால் வந்தால் ரன், இறங்கலாம். தலை நிமிர்ந்து பின்னால் போனால் பாஸ், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பயிற்சியில் பந்தே இல்லாமல், நீங்களே கார்டாக நின்று 20 தடவை செய்து காட்டுங்கள். முழங்கால் தாங்குமா என்பது உங்கள் பாடு.