மறுமொழி: பேட்டரி 'கொதிப்பு' வேண்டாம், 'வாயுவெழல்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் பேட்டரி சார்ஜர் கையேட்டில் வரும் 'கேஸிங்' (gassing, சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் வாயு உண்டாவது) என்ற சொல்லுக்குக் 'கொதிப்பு' போதும் என்று நேற்று இருவர் எழுதியிருந்தீர்கள். மெக்கானிக் கடையில் "பேட்டரி கொதிக்குது" என்றுதான் சொல்கிறார்கள், சரி. ஆனாலும் இந்த ஓர் இடத்தில் கடைச் சொல்லை அப்படியே எடுப்பது ஆபத்து என்று நினைக்கிறேன்.

கொதிக்கிறது என்றால் சூடு மட்டும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் (தனி அறைக்கும்) சுமார் 2.4 வோல்ட், அதாவது ஆறு செல் உள்ள 12 வோல்ட் பேட்டரியில் 14.4 வோல்ட்டைத் தாண்டும்போது, உள்ளே போகும் மின்சாரத்தில் ஒரு பங்கு தகடுகளில் ஏறாமல் அமிலத்திலுள்ள தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்குகிறது. வெயில் காலத்தில் இந்த அளவு இன்னும் கீழே இறங்கும். பெட்டியைத் தொட்டால் இளஞ்சூடுதான், மூடியைத் திறந்தால் சோடா போலக் குமிழ்கள். அந்த ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்துவிட்டாலே ஒரு பொறி போதும்.

சில வருடங்களுக்கு முன் மழைக்காலத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு, லோடு ஆட்டோ பேட்டரிக்கு இரவு முழுக்கச் சார்ஜ் போட்டிருந்தோம். காலையில் "கொதிக்குது, கழற்றி வைத்தால் ஆறிவிடும்" என்று நினைத்து, சார்ஜரை அணைக்காமலேயே கிளிப்பைப் பிடுங்கினேன். பொறி பறந்தது, 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு மூடி கூரையில் போய் அடித்தது. முகம் வேறு பக்கம் திரும்பியிருந்ததால் கண் தப்பியது. அமிலம் தெறித்த சட்டையில் அப்போது ஒன்றும் தெரியவில்லை, இரண்டு நாள் கழித்துத் துவைத்தபோது முன்பக்கம் முழுக்கச் சல்லடை.

அதனால் சொல்லுக்குள் 'வாயு' இருந்தே ஆக வேண்டும் என்கிறேன். 'கேஸிங்' என்றே விட்டுவிடலாம் என்றால், மேலுறையைக் குறிக்கும் கேஸிங்கும் தமிழில் அதே எழுத்துதான். 'வாயுக்கசிவு' சமையல் சிலிண்டரை நினைவூட்டும், அதோடு கசிவு என்றாலே பழுது. இது பழுதல்ல, சார்ஜ் முடியும் நேரத்தில் கொஞ்சம் குமிழ் வந்தால், அடியில் தங்கிய அடர்ந்த அமிலம் மேலே கலந்துகொள்ளும், பேட்டரிக்கு நல்லதுதான். 'வளிமம்' எனக்குப் பிடித்த சொல், ஆனால் பட்டறையில் நிற்பவருக்கு வாயு என்றால்தான் சட்டென்று புரியும்.

'வாயுவெழல்' வினையாகவும் இயல்பாக வருகிறது: வாயு எழுகிறது, வாயு எழும் மின்னழுத்தம். கையேட்டின் எச்சரிக்கையை இப்படி எழுதிப் பார்த்தேன்:

"மின்னேற்றும்போது வாயு எழும், அது தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முதலில் சார்ஜரை அணையுங்கள், பிறகு கிளிப்பைக் கழற்றுங்கள்."

சேர்த்து எழுதுவதா, 'வாயு எழல்' என்று பிரிப்பதா? வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள், கையேடு அச்சுக்குப் போவதற்குள் முடிவு செய்துவிடலாம்.