நாட்காட்டிக்கு 'கொள்ளளவு' வேண்டாம், 'இடப்பிடிப்பு' வைப்போம்

வணக்கம் நண்பர்களே,

மின்னஞ்சல் செயலியின் தமிழாக்கத்தில், நாட்காட்டி எவ்வளவு இடம் எடுத்திருக்கிறது என்று காட்டும் வரிக்கு 'கொள்ளளவு' முன்மொழியப்பட்டிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கொள்ளளவு குடத்தின் அளவு. உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவு அல்ல. 'நினைவகப் பயன்பாடு' இன்னும் பொருந்தாது. நினைவகம் என்பது செயலி ஓடும்போது மட்டும் தற்காலிகமாகப் பயன்படுவது. நிகழ்வுகள் கிடப்பது வட்டிலோ வழங்கியிலோ (சர்வர்), அது சேமிப்பகம்.

பேச்சில் 'இடம் பிடிக்குது' என்றுதான் சொல்கிறோம். ஆனால் 'பிடித்த இடம்' என்று திரையில் தனியாக நின்றால் மனசுக்குப் பிடித்த இடம் என்று படித்துவிடுவார்கள். அதனால் 'இடப்பிடிப்பு'. முன்பதிவு செய்வதுபோல் ஒலிக்கிறது என்ற மறுப்பைப் படித்தேன். பக்கத்திலேயே கிலோபைட் கணக்கு நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

சரி, இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 'நிகழ்வு' என்ற சொல். 2009இல் வந்த ஆர்.எஃப்.சி. 5545 என்ற இணையத் தர ஆவணம் வரையறுக்கும், நாட்காட்டித் தகவலைப் பரிமாறுவதற்கான ஐகேலண்டர் வடிவத்தில் ஒரு நிகழ்வு வெறும் உரைதான். தலைப்பு, நேரம், இடம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒரு கிலோபைட்டைத் தாண்டாது. தமிழில் எழுதினால் கொஞ்சம் கூடும்: எழுத்துகளைக் கணினியில் பதியும் யூ.டி.எஃப்.-8 முறையில் 'க' 3 பைட், 'கூ' 6 பைட். வாரந்தோறும் வரும் கூட்டத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் போட்டாலும் அந்த வடிவத்தில் ஒரே பதிவும் அது திரும்பும் விதியும்தான் இருக்கும். திரையில் தெரியும் ஐந்நூற்றுச் சொச்சம் கட்டங்கள் அந்த விதியிலிருந்து கணக்கிட்டுக் காட்டப்படுபவை. நடுவில் ஒரு வாரத்தின் நேரத்தை மாற்றினால் அதற்கு மட்டும் தனிப் பதிவு சேரும்.

அந்த ஒரே பதிவையும் திரையில் தெரியும் ஒவ்வொரு கட்டத்தையும் 'நிகழ்வு' என்றே அழைத்தால், எண்ணிக்கைக்கும் இடப்பிடிப்புக்கும் பொருத்தமே இல்லாமல் தெரியும். மொத்தப் பதிவுக்கு 'மீள்நிகழ்வு', ஒவ்வொரு வாரமும் வருவதற்கு 'முறை' என்று வைக்கலாம். 'இந்த முறை மட்டும் மாற்று', 'எல்லா முறையும் மாற்று' என்று பொத்தான்களிலும் இயல்பாக அமையும். 'தொடர் நிகழ்வு' என்றால் இடைவிடாமல் நடப்பது என்ற பொருளும் வருகிறது.

அப்புறம், இணைப்புகளுக்கு, அதாவது நிகழ்வோடு சேர்த்து வைக்கும் கோப்புகளுக்கு, தனி வரி கட்டாயம் வேண்டும். நிகழ்வுக்குள்ளேயே பேஸ்64 ஆக (கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றும் முறை) வைக்கப்படும் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அழைப்பு மடலும் அஞ்சல்பெட்டியில் தனியாகக் கிடக்கும். இடம் போதவில்லை என்று பழைய சந்திப்புகளை உட்கார்ந்து அழிப்பவருக்கு மிஞ்சுவது சில கிலோபைட்தான். பாரம் இணைப்புகளில் இருக்கிறது என்பதை அந்தத் திரையே அவருக்குச் சொல்ல வேண்டும்.

'நாட்காட்டி இடப்பிடிப்பு', 'இணைப்புகளின் இடப்பிடிப்பு' என்ற இரண்டு வரிகளையும் மொழிபெயர்ப்புப் பொதிக்குள் சேர்க்கலாமா? 'மீள்நிகழ்வு' பற்றி மாற்றுக் கருத்து இருந்தால் சேர்ப்பதற்கு முன்பே எழுதுங்கள்.