அடியும் படவில்லை, புண்ணும் இல்லை: கால் கட்டைவிரல் ஏன் இப்படி வீங்குகிறது?

மன்னார்குடி மகள்:
அப்பா சாயங்காலம் சம்பா வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து நன்றாகத்தான் படுத்தார். விடியற்காலையில் கால் கட்டைவிரல் சிவந்து, கொதித்து, வேட்டி பட்டாலே துடிக்கிறார். முள் குத்தவில்லை, சேற்றுப்புண்ணும் இல்லை. டாக்டர் யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்ற மூட்டு வீக்கம் என்று சொல்லி மாத்திரை எழுதினார். கிருமியே இல்லாத இடத்தில் இவ்வளவு வீக்கம் எப்படி வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

திருவாரூர் லேப்காரன்:
வீக்கத்துக்குக் கிருமிதான் வேண்டும் என்றில்லை, தங்கச்சி. நம் எதிர்ப்புச் செல்கள் வெளியாள் நுழைந்தானா என்று மட்டும் பார்ப்பதில்லை, உள்ளே ஏதாவது சேதமாகிறதா என்றும் பார்க்கின்றன. 1994-ல் பாலி மாட்ஸிங்கர் என்ற விஞ்ஞானி அழுத்திச் சொன்னது இதைத்தான். செத்த செல்லிலிருந்து கொட்டும் ஏடிபி (செல்லின் எரிபொருள்), யூரிக் அமிலம் எல்லாமே அபாய அறிகுறிகள்.

ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு (100 மில்லி) 6.8 மில்லிகிராம் வாக்கில் தாண்டினால் கரைந்து நிற்காமல் படிய ஆரம்பிக்கும். கால்விரல் மூட்டு உடம்பில் சூடு குறைந்த இடம், அதனால் அங்கே சுலபமாகப் படியும். அந்த மூட்டு நீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். ஊசி ஊசியாகப் படிகங்கள். சில ஊசிகள் வெள்ளையணுவுக்குள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

மூட்டிலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் எதிர்ப்புச் செல் அந்த ஊசியை விழுங்கிவிடுகிறது. செரிக்க முடிவதில்லை. உள்ளே இருக்கும் செரிமானப் பை கிழிகிறது, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. உடனே என்எல்ஆர்பி3 புரதங்கள் கூடி இன்ஃப்ளமசோம் என்ற அமைப்பாகின்றன. அது காஸ்பேஸ்-1 நொதியை முடுக்கிவிட, அந்த நொதி அரைகுறையாகக் கிடக்கும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற வீக்கத்தைத் தூண்டும் புரதத்தை வெட்டி முழு வீரியத்துக்குக் கொண்டுவருகிறது. அது வெளியே வந்ததும் ரத்தக்குழாய் விரிந்து கசியும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்கும். அப்பா படும் பாடெல்லாம் இதனால்தான். யூரிக் அமிலப் படிகத்துக்கும் இன்ஃப்ளமசோமுக்கும் உள்ள இந்தத் தொடர்பை 2006-ல் சுவிட்சர்லாந்தில் யூர்க் சோப் குழுவினர் காட்டினார்கள்.

வேதாரண்யம் விவசாயி:
எழுதிக் கொடுத்தது கோல்சிசினா அம்மா? எங்கள் பக்கம் விளைகிற செங்காந்தள் விதையிலும் கிழங்கிலும் அதுதான் இருக்கிறது. யாராவது கைவைத்தியம் என்று கிழங்கை அரைத்துக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். உயிரையே குடித்துவிடும்.

மன்னார்குடி மகள்:
கோல்சிசின்தான் ஐயா. ஆனால் ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாக இருப்பதாக வந்திருக்கிறது. அதுதான் குழப்பம். லேப் அண்ணே, இந்த மாத்திரை படிகத்தைக் கரைக்குமா?

திருவாரூர் லேப்காரன்:
கரைக்காது. நியூட்ரோஃபில் நகர்வதற்குச் செல்லுக்குள் நுண்குழல்கள் வேண்டும், கோல்சிசின் அவற்றைக் கட்ட விடாது. இன்ஃப்ளமசோம் கூடுவதையும் தடுக்கும். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் சரியான அளவில் காட்டுவதுண்டு. வீக்கம் வடிந்து இரண்டு வாரம் போனபின் மறுபடி பாருங்கள். நெத்திலிக் கருவாட்டை இப்போதைக்கு நிறுத்துங்கள். அப்புறம், காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மூட்டுக்குள் கிருமியும் இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மூட்டு நீரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.