ரபி இல்லாத ஊரில் தோரா வாசித்தது யார்?

ஏட்டுச்சுரைக்காய்:
நேற்று இங்கே ஒரு முத்து உதிர்ந்திருக்கிறது. "கொச்சி யூதர்களிடம் பட்டம் பெற்ற ரபி இருந்ததே இல்லை. வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் கிளிப்பிள்ளை மாதிரி யூத வேதமான தோராவை ஒப்பித்தார்கள்" என்று. ரபி என்றால் பூசாரி என்று நினைப்பு! அவர் மார்க்கச் சட்டம் சொல்பவர். பதின்மூன்று வயதைத் தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால் போதும், விஷயம் தெரிந்த யாரும் முன்னே நின்று வழிபாட்டை நடத்தலாம். அப்புறம், எபிரேயத்தில் எழுதிய தோரா சுருளில் மெய்யெழுத்து மட்டும்தான், உயிர்க்குறி கிடையாது, ராகக்குறியும் கிடையாது. உங்கள் கிளியை வாசிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

மிளகுக்கொடி:
முத்தை உதிர்த்தவன் நான்தான் ஐயா. சுருளில் குறியே இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு உச்சரிப்பு எங்கிருந்து வரும்? மனப்பாடம்தானே?

ஏட்டுச்சுரைக்காய்:
மனப்பாடம் இல்லை. சுருளைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், எழுதியதை மனப்பாடமாகச் சொல்லக் கூடாது என்று யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தால்முத்திலேயே இருக்கிறது. பயிற்சிக்கு 'திக்குன்' என்று ஒரு புத்தகம் உண்டு. ஒரு பத்தியில் குறிகளோடு இருக்கும், பக்கத்துப் பத்தியில் சுருளில் உள்ளபடி மொட்டையாக இருக்கும். முதலில் குறிகளைப் பார்த்து ராகத்தோடு படிப்பார்கள். பிறகு அதைக் கையால் மறைத்துக்கொண்டு மொட்டை எழுத்தில் படிப்பார்கள்.

மிளகுக்கொடி:
கையால் மறைத்துக்கொண்டு சொல்வதற்கு எங்கள் ஊரில் மனப்பாடம் என்றுதான் பெயர்.

ஏட்டுச்சுரைக்காய்:
ஹெத், லாமெத், பெத். மூன்றே எபிரேய எழுத்து, உயிர் ஒலியை மாற்றினால் சொல்லே மாறும். 'ஹலாவ்' என்றால் பால், 'ஹேலெவ்' என்றால் கொழுப்பு. "குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்ற தோரா வசனத்தில் எதை வாசிப்பது? தால்முத்தே இதை எடுத்து அலசியிருக்கிறது. பொருள் மாறும்படி வாசித்தால் பக்கத்தில் நிற்பவர் அங்கேயே நிறுத்துவார், திரும்ப வாசிக்க வேண்டும். கேரளத்துப் பறவூர் ஜெப ஆலயத்தில் மாடியேறிப் பார்த்திருக்கிறேன். பெண்கள் பகுதிக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை. அங்கே நின்று வாசித்தால் கீழே இருக்கும் அத்தனை காதும் உங்கள் மேல்தான்.

மிளகுக்கொடி:
மாடி இருந்தால் மனப்பாடம் இல்லை என்றாகிவிடுமா?

ஓலைப்பெட்டி:
நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி இருக்காது. அதையும்தான் படித்தார்கள்...

ஏட்டுச்சுரைக்காய்:
தம்பி, ஓலைச்சுவடிக்குத் தனி இழை தொடங்குங்கள்.

ஓலைப்பெட்டி:
போன மாதம் தொடங்கினேன். அங்கேயும் நாற்பது பதில் போட்டு மூடவைத்தது நீங்கள்தான் அண்ணே.

கடலோரத்தான்:
பயிற்சி, பயிற்சி என்கிறீர்களே. மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் ஏ.பி. சேலத்துக்கு என்ன நடந்தது? வக்கீல், கொச்சி சட்டசபை உறுப்பினர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்பதால் அவரையும் அவர் கூட்டத்தாரையும் பெஞ்சில் உட்கார விடவில்லை, தோரா வாசிக்கவும் அழைக்கவில்லை. உள்ளேயே சத்தியாக்கிரகம் செய்துதான் போராடினார். அவருக்கு எந்தத் திக்குன் குறைந்துபோயிற்று?

ஏட்டுச்சுரைக்காய்:
சேலம் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இங்கே கேள்வி அது இல்லை.

கடலோரத்தான்:
உங்களால் பதில் சொல்ல முடியாததெல்லாம் 'கேள்வி அது இல்லை'. இரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
கேள்வி, கிளிப்பிள்ளையா இல்லையா என்பது! 1950களில் இஸ்ரேலுக்குப் போய் நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் ஊரில் குடியேறியவர்கள் கொச்சி ராகத்தையும் கொண்டுபோனார்கள். ரபியா ஊட்டிவிட்டார்? வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது.

மிளகுக்கொடி:
சரி, பெரியவர் சொன்னார், பையன் திருப்பிச் சொன்னான். கிளி என்றுதானே நானும் சொன்னேன்?

ஏட்டுச்சுரைக்காய்:
ஹலாவ், ஹேலெவ் பதிவை இன்னொரு முறை படியுங்கள். மீதியைக் காலையில் விரிவாக எழுதுகிறேன்.

மிளகுக்கொடி:
பார்த்து எழுதுவீர்களா, மனப்பாடமாகவா?