மறு: கிளக்ஸ்டனின் 'கிக்கவுட்'டுக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பியாக வேண்டும். கேலிக் கால்பந்து என்ற அயர்லாந்து ஆட்டத்தில் டப்ளின் அணிக்குக் கோலியாக ஆடிய ஸ்டீஃபன் கிளக்ஸ்டனைப் பற்றியது. மற்றதெல்லாம் தமிழாகிவிட்டது, கோலி பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடரவைக்கும் 'கிக்கவுட்'தான் இடிக்கிறது.

> 'கோல் உதை' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, கால்பந்தில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால்தான் கோல் உதை. கேலிக் கால்பந்தில் எதிரணி கோல் போட்டாலும், குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்துப் புள்ளி எடுத்தாலும் பந்து கோலியிடம்தான் வரும். முன்பு கோலிகள் நடுக்களத்துக்கு ஓங்கி உதைப்பார்கள், அங்கே இரு அணியும் எம்பிப் பிடிக்கப் போட்டி போடும். கிளக்ஸ்டன் அப்படி விடமாட்டார். காலி இடத்துக்கு ஓடும் தன் ஆளின் கைக்கே போகும்படி உதைப்பார், எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள். அவர் வென்ற 9 அகில அயர்லாந்துப் பட்டங்களில் இந்த உதைக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குத் தனிப்பெயர் வேண்டாமா?

> 'தொடக்க உதை' எளிமையாக இல்லையா?

அம்மா, அங்கே ஆட்டம் உதையில் தொடங்குவதே இல்லை. நடுவர் பந்தை மேலே எறிவார்.

> எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்கிறோமே. 'எடுப்புதை' எனலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பல்லவி எடுப்பதுபோல அந்த உதையில்தான் அடுத்த தாக்குதல் பிறக்கிறது. ஆனால் என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் 'எடுப் புதை' என்று பிரித்துப் படித்து, "எதை சார் புதைக்கணும்?" என்றான். குற்றியலுகரம் கெடும் என்பது சரி, இருந்தாலும் 'எடுப்பு உதை' என்று விட்டே எழுதுவோம். சிலர் சொன்ன 'எற்று' (உதை) நல்ல பழஞ்சொல்தான், அந்த மாணவனுக்கு அது இன்னும் தூரம்.

வெறும் 'உதை' போதும் என்பவர்களுக்கு: 2011 இறுதியாட்டத்தில் கெர்ரிக்கு எதிராக 1-12, 1-11 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி) என்று வென்றுதந்த கடைசிப் புள்ளியும் கிளக்ஸ்டன் உதைத்ததே. அது தனி உதை (ஃப்ரீ கிக்), கிக்கவுட் அல்ல. ஒரே பத்தியில் இரண்டும் வருகின்றன.

இதுவரை நால்வர் 'வெளியுதை', இருவர் 'கிக்கவுட்'. 'வெளியுதை' என்றால் குறி தவறி வெளியே போன பந்து என்றுதான் படிப்பவர் நினைப்பார். இருந்தாலும் வெள்ளிக்குள் வேறு சொல் அமையாவிட்டால் பெரும்பான்மைப்படி அதையே போடுகிறேன், அடைப்புக்குறிக்குள் 'எடுப்பு உதை'யும் இருக்கும். என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.